அம்மனுக்குப் போட்ட உப்பு

7 ஜூன் 1925, ஞாயிறு

சுங்கை சிப்புட்டிலிருந்து என் கடைக்குச் சாமான் வண்டி வந்தது. அரிசி, பருப்பு, கருவாடு, உப்பு. மழை இல்லாததால் இந்தத் தடவை உப்புச் சாக்கு ஒழுகவில்லை. கடைக்காரனுக்கு நல்லதுதான். ஆனால் கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. ரப்பர் மரமெல்லாம் இலை வாடி நிற்கிறது. இரட்டைப்பாலத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வறட்சியை நான் பார்த்ததில்லை.

என் மனைவி நல்லம்மாவுக்கு இது ஆறாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. மருத்துவச்சி ராக்காயி அக்கா வந்து பார்த்தார். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர் கையில் விழுந்தவைதான். "உப்பை நிறுத்து. ஒரு கல்லுகூட நாக்குல படக்கூடாது. முந்தி ரெண்டு தடவையும் காலு இப்படித்தான் வீங்குச்சு, மறந்துட்டியா?" என்றார். எப்படி மறக்கும்? இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பேச்சை நாங்கள் வீட்டில் எடுப்பதே இல்லை.

அவள் சப்பென்று சாப்பிட நான் மட்டும் ருசியாகச் சாப்பிடுவதா? எனக்கும் உப்பு வேண்டாம் என்றுவிட்டேன். உப்பு விற்கிற ஐயாவு வீட்டில் உப்பில்லாக் கஞ்சி. முதல் வாய் வைத்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து நல்லம்மா சிரித்தாள். சிரிக்கட்டும். இந்த மூன்று மாதமும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தால் போதும்.

12 ஜூன், வெள்ளி

மேல் லயத்தில் இரண்டு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை தொங்குகிறது.

சாயங்காலம் அம்மன் கோயிலில் கூட்டம். ஆளுக்கொரு பொட்டலம் உப்பும் மிளகும். கல் பீடத்தில் கொட்டிவிட்டு, உப்பு கரைவது மாதிரி நோவும் கரையணும் தாயே என்று கும்பிடுகிறார்கள். ஊரில் இதைக் கோயில் குளத்தில் போடுவோம். இங்கே குளம் ஏது? வந்த காலத்தில் பூசை செய்கிற பண்டாரம் சன்னாசி அண்ணன்தான் பீடத்தில் போடுங்கள் என்று பழக்கினார். மறுநாள் காலையில் அவர் தண்ணீர் விட்டுப் பீடத்தைக் கழுவுவார். அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாகக் கீழே ஒரு குழியில் விழும்.

குழிக்குப் பக்கத்தில்தான் பிள்ளையாரும் அவருக்கான அறுகம்புல் பாத்தியும். பாத்தி நல்லம்மா பொறுப்பு. இரண்டாவது பிள்ளையும் போனபின் அவளாக நேர்ந்துகொண்ட வேலை. கிணற்றில் தண்ணீர் குறைந்ததிலிருந்து அந்தக் குழித் தண்ணீரையே மொண்டு ஊற்றுகிறாள். அம்மன் பீடத்தில் பட்ட தண்ணீர், பிள்ளையாருக்கும் ஆகும், பிள்ளைக்கும் ஆகும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. இடுப்பில் குடத்தோடு அவள் சரிவில் இறங்கும்போதெல்லாம் கால் வழுக்கிவிடக்கூடாதே என்றிருக்கிறது.

21 ஜூன்

கோயில் சரிவில் மெத்தென்று கிடக்குமே அந்தப் புல், நுனியெல்லாம் தீய்ந்து கிடக்கிறது. வெயில்தான்.

3 ஜூலை, வெள்ளி

கங்காணி உடையப்பன் மகளுக்கு அம்மை. இந்தத் தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தவர் அவர். துரை பேச்சுக்கு அடுத்த பேச்சு அவருடையது. கோயிலில் துரைக்கும் பேச்சில்லை, அவர் பேச்சு மட்டும்தான். அவர் மனைவி இருளாயி அக்கா அழுதுகொண்டே வந்து கடையில் உப்பு வாங்கிப்போனார். கல்லாவில் சில்லறை விழுகிற சத்தம் இன்று நன்றாக இல்லை.

சரிவில் லாலான் புல்லே சாய்ந்துவிட்டது. லாலானை வெட்டினாலும் கொளுத்தினாலும் வரும், அதை ஒழிக்கத்தான் துரை ஆள்மேல் ஆள் போடுகிறார். அது தானாகச் செத்திருக்கிறது. வெயிலில் லாலான் சாகுமா? சரிவைத் தாண்டி ரப்பர் காட்டோரம் அதே வெயிலில் அதே லாலான் திமிராகத்தான் நிற்கிறது.

எதற்கு இந்த ஆராய்ச்சி? கடையைப் பார்.

17 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

கங்காணி மகளுக்கு முத்து இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. நேர்ந்தபடி ஒரு முழு மூட்டை உப்பை அவரே தலையில் சுமந்துகொண்டு வந்து பீடத்தில் சரித்தார். உறுமி மேளம், குலவை. வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து, பீடத்தில் நட்டிருந்த வேல் பாதிக்கு மறைந்துபோயிற்று. அதைப் பார்த்து மற்றவர்களும் படியாலும் மரக்காலாலும் நேர ஆரம்பித்துவிட்டார்கள்.

நல்லம்மாவின் கால் வீக்கம் குறையக் காணோம். ராக்காயி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "நெசமாத்தான் உப்பில்லாமச் சாப்பிடுறாளா?" என்று கேட்டார். என் கண் முன்னால்தான் சாப்பிடுகிறாள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய்ப் பயம் வந்தது.

26 ஜூலை, ஞாயிறு

அறுகும் போய்க்கொண்டிருக்கிறது. மற்ற புல்லெல்லாம் சாய்ந்தபோது இது மட்டும் தாக்குப்பிடித்து நின்றது. முதலில் வளர்த்தி நின்றது. அப்புறம் பச்சை மங்கி ஒரு சாம்பல் நிறம். இப்போது நுனியிலிருந்து பழுத்து உள்ளே வருகிறது. நல்லம்மா முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு. வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

இன்று இருளாயி அக்கா கடைக்கு வந்தார். வெயிலில் வந்தவர் என்று நல்லம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கினார், பக்கத்தில் வைத்துவிட்டார், குடிக்கவில்லை. போகும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அறுகு இப்படிப் போனதைக் கேள்விப்பட்டதே இல்ல தம்பி. யாரு கையில என்ன இருக்கோ" என்றார்.

நல்லம்மாவுக்கும் கேட்டுவிட்டது. செம்பை எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கழுவினாள்.

28 ஜூலை

கை, கை, கை. லயம் முழுக்க இதே பேச்சு. ரெண்டு பிள்ளையத் தின்ன கையாம். என் காதுபடவே சொல்றாங்க. எவன் வாயை நான் போய் மூடுவேன்?

2 ஆகஸ்ட், ஞாயிறு

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நானும் போய் நின்றேன். மேல் லயத்தில் ஒரு பிள்ளை அம்மையில் இறந்துபோனதிலிருந்து யாரும் யாரையும் சரியாகப் பார்ப்பதில்லை.

கங்காணி கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது. "ஐயாவு, எனக்கு உம்மேல ஒரு கோவமும் இல்லப்பா. வர்ற பிள்ளையார் சதுர்த்திக்கு இந்தப் பாத்தியிலேருந்து ஒரு கைப்பிடி பச்சை அறுகு கிள்ளி சாமிக்கு வைக்கணும். அது வந்துட்டா ஒரு பேச்சும் இல்ல. வரலேன்னா உம் பொஞ்சாதி பேறுகாலம் முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லைக்கு வெளிய இருக்கட்டும். மத்த பிள்ளைகளையும் நாம பாக்கணுமில்ல" என்றார்.

"பேறுகாலத்துக்கு ராக்காயி அக்கா வரணுமே" என்றேன்.

"அவளைத் தொட்ட கை அப்புறம் லயத்துல யாரையும் தொடக்கூடாது. ராக்காயியே முடிவு பண்ணிக்கட்டும்."

ராக்காயி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த லயத்தை விட்டால் அவருக்கும் பிழைப்பு கிடையாது. அவரை நான் என்ன சொல்ல?

நல்லம்மாவிடம் பாதிதான் சொன்னேன். மீதியை யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள்.

5 ஆகஸ்ட்

ஒரு காரியம் செய்துவிட்டேன். விடிந்ததும் விடியாததுமாக ஓடைக்கரைக்குப் போய், செழித்துக் கிடந்த அறுகை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து வந்து, பாத்தியில் செத்ததைப் பிடுங்கிவிட்டு நட்டேன். திருட்டுத்தனம்தான். பிள்ளையாருக்குத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும், அவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே.

பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கிறது. கங்காணி வேலைக்காட்டுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். நல்லம்மா பாத்திக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டு வந்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் முணுமுணுவென்று ஏதோ பாடினாள்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

செத்துவிட்டது.

ஓடைக்கரையில் மிதித்தாலும் சாகாத புல். என் கையால் நட்டது. அப்போ என் கையும்தானா?

11 ஆகஸ்ட், செவ்வாய்

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. முகமும் ஊதியிருந்தது. ராக்காயி அக்கா வாசலுக்கு வெளியில் நின்றபடியே பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு எங்கேயோ உப்புத் திங்கிறா. எம் பேச்சைக் கேளு" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

கடையில் ஆள் இல்லாத நேரம். பின்பக்கச் சன்னல் வழியாகக் கோயில் சரிவைப் பார்த்தேன். நல்லம்மா பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"என்ன தின்னுற? காட்டு."

முடிச்சுக்குள் மண். பாத்தி மண், சிறு சிறு கட்டியாக.

"மண்ணா? மண்ணையா திங்கிற? எத்தனை நாளா?"

"மசக்கை வந்ததுலேருந்துங்க. எல்லாரும்தான் திங்கிறாங்க. நீங்க திட்டுவீங்கன்னுதான்..."

"ஒலகத்துல வேற மண்ணே இல்லையா? இந்தப் பாழாப்போன பாத்தி மண்ணுதான் கெடச்சுதா?"

"மத்த மண்ணு ருசிக்கலைங்க. இதுவும் மொதல்ல சும்மா மண்ணாத்தான் இருந்துச்சு." தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "இப்ப கொஞ்ச நாளா உப்பா, நல்லாருக்கு. உப்பில்லாத சோத்தைத் தின்னுட்டு இது ரெண்டு வாய் போட்டாத்தான் நாக்குக்கு உசுரு வருது."

அப்புறம் அவள் கையிலிருந்த கட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தேன்.

நான் உப்பு விற்கிறவன். இத்தனை நாளாக உப்பில்லாமல் சாப்பிட்ட நாக்கு வேறு. கொஞ்சமாவது சந்தேகம் இருக்குமா?

வாய்க்காலோரம் ஏறிப் போனேன். காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. தினமும் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்பு என்று நினைத்திருக்கிறேன். குழித் தண்ணீரில் விரலை நனைத்து வாயில் வைத்தேன். துப்பினேன். கடைக்குப் பின்னால் உப்புச் சாக்கு ஒழுகுகிற இடத்தில் ஒரு புல் முளைப்பதில்லை. அதையும் தினமும்தான் பார்க்கிறேன். அடப்பாவி, அடப்பாவி. புல் சாகச் சாக அம்மன் கோபம் என்று பயந்து இன்னும் உப்பு. இன்னும் உப்புப் போடப் போட இன்னும் புல் சாவு. அத்தனையும் என் கடை உப்பு.

திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே அவள் நிற்கிறாள். குழியைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள்.

"அப்ப நான் ஊத்தின தண்ணிதானாங்க?"

"இல்ல. வெயிலு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. இனிமேல் மண் தின்னமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினாள். ஆனால் அவளால் முடியுமா? பாத்தி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

12 ஆகஸ்ட்

யாரிடம் சொல்வது? உப்பால் புல் செத்தது என்றால் அம்மனுக்குப் போட்டதைக் குற்றம் சொல்கிறான் என்பார்கள். சரி, உப்புத் தண்ணீர்தான் என்று ஒத்துக்கொண்டால், ஊற்றியது யார் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள்மேல்தான் வந்து விழுகிறது. சதுர்த்தி நெருங்கிவிட்டது.

சாயங்காலம் சன்னாசி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"நாந்தானேப்பா பீடத்துல போடச் சொன்னேன்" என்றார். "ஊர்ல கொளத்துல போட்டா கரைஞ்சு போயிரும். கரையணும்கிறதுதான் நேர்த்தியே. இங்க கொளம் இல்லையேன்னு நான் ஒரு வழி பண்ணினேன். அது இப்படி வந்து நிக்கிது."

கடையில் புளி போட்டு வைத்திருக்கும் பெரிய சீனச் சாடியைக் கழுவித் தருகிறேன், அதில் தண்ணீர் நிரப்பிப் பீடத்துக்குப் பக்கத்தில் வைப்போம், அதில் போடட்டும், நிறைந்ததும் ஓடையில் விட்டுவிடலாம் என்றேன். அவர் சரி என்றார்.

14 ஆகஸ்ட், ஆடிக் கடைசி வெள்ளி

சாடியை வைத்தோம். கங்காணி வந்து பார்த்தார்.

"இது என்ன புதுசா?"

சன்னாசி அண்ணன் ஊர்ப் பழக்கத்தை எடுத்துச் சொன்னார். கங்காணி பொறுமையாகக் கேட்டார். "பண்டாரம், இத்தனை வருசமா பீடத்துல போட்டோம். லயத்துல அம்மை ஏறியிருக்கிற நேரத்துல முறையை மாத்தி, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா நீ பொறுப்பா?"

சன்னாசி அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் நாக்கு கடைக்குள் மட்டும்தான் நீளம். சாடியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பீடத்தில் போன வெள்ளியைவிட அதிக உப்பு.

ஒன்று மட்டும் நடந்தது. கூட்டம் கலைந்ததும் சன்னாசி அண்ணனே மண்வெட்டி எடுத்து வாய்க்காலைப் பாறைப் பக்கம் திருப்பிவிட்டார். இனிமேல் கழுவுகிற தண்ணீர் பாத்திப் பக்கம் வராது. யாராவது கேட்டால் குழி நாறுகிறது என்று சொல்லிக்கொள்வாராம்.

19 ஆகஸ்ட்

ஓடையிலிருந்து காவடியில் கட்டிய தகர டின்னில் தண்ணீர் சுமந்து பாத்தியில் ஊற்றுகிறேன். தோள் உரிந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் உள்ளே போகிறது, பச்சை வெளியே வரக் காணோம். மழையே, எங்கேதான் போய்த் தொலைந்தாய்.

23 ஆகஸ்ட், பிள்ளையார் சதுர்த்தி

கிள்ள ஒன்றும் இல்லை.

கங்காணி பாத்திமுன் குனிந்து பார்த்தார், கையால் தடவிக்கூடப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். ஓடைக்கரை அறுகை வைத்துப் பூசை முடிந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் எல்லைக்கு வெளியே காய்கறி போடுகிற சீனர் ஆ லோய் ஒரு கொட்டகை வைத்திருக்கிறார். கடைக்குக் கீரை கொண்டுவருகிறவர். என் ஓட்டை மலாயில் கேட்டேன். "தா அப்பா லா" என்றார், பரவாயில்லை என்று. கொட்டகையைக் கூட்டிப் பாய் போட்டுக் கொடுத்தார்.

நல்லம்மா அழவில்லை. பாதி வழியில் ஓடைக்கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "உங்களுக்குச் சோறு யாரு போடுவா?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் நான்தான் அழுதேன். வழியில் போன ரெண்டு பேர் பாத்துட்டுப் போனாங்க. பாக்கட்டும்.

ராக்காயி அக்கா கும்பலோடு நின்றார். எங்கள் பக்கம் வரவில்லை.

25 ஆகஸ்ட்

கடையைச் சாத்திவிட்டு அங்கே ஓடுகிறேன். அங்கிருந்து இங்கே ஓடுகிறேன். நான் இல்லாத நேரத்தில் வலி கண்டால்? ஆ லோய்க்கு என்ன தெரியும்?

30 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று போனபோது கொட்டகைக்குள் பேச்சுக் குரல். ராக்காயி அக்கா. துணி துவைக்கிற சாக்கில் ஓடைக்கு வந்து, துணிக் கூடையை இந்தக் கரையிலேயே வைத்துவிட்டு அந்தக் கரைக்கு வந்திருக்கிறார்.

"இங்க வாய்யா. அமுக்கிப் பாரு" என்றார்.

நல்லம்மாவின் காலை அமுக்கினேன். குழி விழுந்தது, உடனே நிரம்பிவிட்டது. கணுக்கால் எலும்பு தெரிகிறது. முகத்தில் ஊதல் இல்லை.

"என்ன மருந்து குடுத்த?" என்று கேட்டார்.

நான் ஒரு மருந்தும் கொடுக்கவில்லை. நல்லம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "இங்க மண்ணு ருசிக்கலைக்கா. ரெண்டு தடவை வாயில வச்சுத் துப்பிட்டேன்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்களைத் துரத்தாமல் இருந்திருந்தால் அவள் அந்தப் பாத்தியிலேயே உட்கார்ந்து தின்றுகொண்டு இருந்திருப்பாள். கங்காணிக்கு நன்றி சொல்வதா, திட்டுவதா? இரண்டும் இன்றைக்கு வேண்டாம். ராக்காயி அக்காவிடம் மண்ணைப் பற்றியும் உப்பைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். துணியைத் துவைக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

4 செப்டம்பர், வெள்ளி

மழை. மத்தியானம் தொடங்கியது, இன்னும் விடவில்லை. கடைக்கூரை ஒழுகுகிறது, உப்புச் சாக்கு ஒழுகுகிறது. ஒழுகட்டும், ஒழுகட்டும்.

ஓடை பெருகினால் ராக்காயி அக்கா எப்படித் தாண்டுவார்?

10 செப்டம்பர்

தினமும் மழை. அம்மை புதிதாக யாருக்கும் இல்லை.

14 செப்டம்பர், திங்கள்

சன்னாசி அண்ணன் கடைக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாத்தியில், செத்த கொடியின் கணுவிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை. ஒன்று இரண்டு இல்லை. ஈர மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தேன். சும்மா மண்.

சரிவில் மற்ற புல் எதுவும் இன்னும் எழுந்திருக்கவில்லை. கடைசியாகப் போனது முதலாவதாக வந்திருக்கிறது.

17 செப்டம்பர், வியாழன்

பொண்ணு. பொண்ணு பொறந்துருக்கு. உசுரோட.

காலையில் ஆ லோய் மூச்சிரைக்க ஓடிவந்தார். "சாக்கிட், சாக்கிட்" என்று வயிற்றைப் பிடித்துக் காட்டினார். வலி எடுத்துவிட்டது. நான் லயத்துக்கு ஓடினேன். ராக்காயி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து திரும்புகிற நேரம். அவரும் அங்கேயே நின்றார்.

ராக்காயி அக்கா என்னைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார். உள்ளே போய்க் கத்தியும் நூலும் எண்ணெயும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "கங்காணி, ஒங்க மகளையும் இந்தக் கையிதான் எடுத்துச்சு. திரும்பி வந்ததும் லயத்துக்குள்ள விடுறதும் விடாததும் ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, இடுப்பளவு ஓடைத் தண்ணீரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நான் கொட்டகைக்கு வெளியில் நின்றேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகம் இல்லை. சத்தமே வரவில்லை, வரவில்லை, ரெண்டு தடவையும் இப்படித்தான் சத்தமே வரவில்லை. அப்புறம் வந்துச்சு. என்னா சத்தம்.

நல்லம்மா சுகம். நல்லம்மா சுகம். நல்லம்மா சுகம்.

20 செப்டம்பர், ஞாயிறு

ராக்காயி அக்காவை யாரும் தடுக்கவில்லை. பாத்தியில் பச்சை தெரிந்ததை லயமே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. அம்மன் மனம் குளிர்ந்துவிட்டாளாம். முப்பதாம் நாள் தாயும் பிள்ளையும் கோயிலுக்கு வரட்டும் என்று கங்காணியே சொல்லியனுப்பினார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மை இறங்கின சந்தோஷத்தில் அன்றைக்குப் பீடத்தில் கொட்ட இரண்டு மூட்டை உப்பு நேர்ந்துகொண்டிருக்கிறாராம். எடுத்து வை என்று ஆள் வந்து சொன்னான். கடையில் உப்புத் தீர்ந்துபோச்சு என்று பொய் சொன்னேன். வண்டி வந்தால் என்ன சொல்வேன்?

11 அக்டோபர்

வண்டி வந்துவிட்டது. கங்காணி ஆள் வண்டியிலிருந்தே இரண்டு மூட்டையைத் தூக்கிப்போய்விட்டான்.

16 அக்டோபர், வெள்ளி

நல்லம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடை தாண்டி வந்தாள். நேராகக் கோயிலுக்கு. பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூட்டையும் வாய் அவிழ்த்துத் தயாராக இருந்தன. என் சீனச் சாடி ஓரத்தில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். அங்கே போனதும் வழக்கம்போல என் வாய் ஒட்டிக்கொண்டது.

இருளாயி அக்கா தன் பொட்டலத்தோடு முதலில் வந்தார். பீடத்தில் கொட்டக் கையை நீட்டினார்.

"அக்கா, அதுல போடாதீங்க" என்றாள் நல்லம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"அறுகு செத்தது எங் கையாலதாங்கக்கா. நீங்க சொன்னது சரிதான். பீடத்துல கழுவி வந்த உப்புத் தண்ணியத்தான் நான் மொண்டு மொண்டு ஊத்தினேன். புல்லுக்கு ஆகாதுன்னு தெரியல. அந்த மண்ணைத் தின்னு எங் காலும் வீங்கிப்போச்சு. தண்ணியில போடுங்கக்கா. கரையணும்னுதானே போடுறோம்."

வெயில் என்று நான் சொன்ன பொய்யை அவள் ஒரு நாளும் நம்பவில்லை. குற்றத்தை மடியில் வைத்துக்கொண்டே இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

ராக்காயி அக்கா முன்னால் வந்து, "கால் வீங்கினதை நான் பாத்தேன். உப்புதான்" என்றார். கங்காணி சன்னாசி அண்ணன் பக்கம் திரும்பினார். அவர் இந்தத் தடவை வாயில் வெற்றிலையே போட்டிருக்கவில்லை. "ஊர்ல தண்ணியிலதாங்க போடுவோம். பீடத்துல போடச் சொன்னது எந் தப்பு" என்றார்.

கங்காணி பாத்தியைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். இன்னும் மொட்டையாகத்தான் கிடக்கிறது. இறந்துபோன அந்தப் பிள்ளையின் தாய் கூட்டத்தில் நின்றாள், அவளையும் பார்த்தார். அப்புறம் தன் ஆட்களிடம், "மூட்டையை ஓடைக்குத் தூக்குங்கடா" என்றார்.

இருளாயி அக்கா சாடியில் உப்பைப் போட்டார். குனிந்து அது கரைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாத்தியில் இரண்டு அறுகு கிள்ளிப் பாலில் நனைத்துப் பிள்ளையின் உச்சியில் வைத்தார். பிள்ளை முகத்தைச் சுளித்தது. "தண்ணி குடு தாயி, தொண்டை காஞ்சு கிடக்கு" என்று நல்லம்மாவிடம் கேட்டார். செம்பில் கொடுத்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

இனிமேல் உப்புப் போட்டுக்கொள்ளலாம் என்று ராக்காயி அக்கா சொல்லிவிட்டார். நல்லம்மா மீன் குழம்பு வைத்தாள். பழக்கம் விட்டுப்போனதால் உப்பு அளவு தெரியாமல் கூடிப்போயிருந்தது. அவளும் ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்சம் ஊற்று என்றேன்.